முடிவை மாற்றச் சொல்லும் நாம்

"ஜப்பானியப் படம் விளக்கெண்ணெய் போன்றது. உடம்புக்கு நல்லது என்று சொல்லிப் புகட்டுவார்கள், தொண்டைக்குள் இறங்காது" என்கிறார் நண்பர் ஒருவர். ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். ஞாயிறு மாலையில் அமெரிக்கப் படம் ஒன்றைப் பார்க்காமல் அவருக்கு உறக்கம் வராது. "அமெரிக்கப் படம் பஞ்சுமிட்டாய். வாயில் வைத்ததும் கரைந்துபோகும், வயிற்றில் ஒன்றும் தங்காது" என்கிறார் மற்றொரு நண்பர். கல்லூரி ஆசிரியர். இளமையில் திரைப்படச் சங்கங்களின் திரையிடல்களில் உட்கார்ந்து உட்கார்ந்தே கண்ணாடி போட்டுக்கொண்டவர். இருவரும் என் அன்புக்குரியவர்கள். இருவர் சொல்வதும் தவறு என்று எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் திரைப்பட ஆய்வாளன் அல்லன். நேரம் கிடைத்தபோது கிடைத்த படத்தைப் பார்த்தவன். அழுகை வந்தால் அழுதவன். தூக்கம் வந்தால் தூங்கியவன். ஆயினும் சாதாரணப் பார்வையாளனுக்கும் பேச ஓர் உரிமை உண்டு. படங்கள் அவனுக்காகவே எடுக்கப்படுகின்றன; அவன் பெயரைச் சொல்லியே சிதைக்கவும் படுகின்றன. "மக்கள் இதைத்தான் கேட்கிறார்கள்" என்று ஒரு முதலாளி தம் மேசையைத் தட்டும்போது, அந்த மக்களுள் நானும் ஒருவன். ஆகவே நான் வாய் திறக்கலாம்.

துயரத்தைத் தாங்குவது ஜப்பானியருக்குப் பிறவிக்குணம், களித்திருப்பது அமெரிக்கருக்குப் பிறவிக்குணம் என்று நாடுகளின்மேல் பாரத்தைப் போடுவது வெறும் சோம்பல். வேறுபாடு நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே இல்லை. கதை தன் போக்கில் சென்று சேரும் முடிவை ஏற்றுக்கொள்பவர்கள் ஒருபுறம். அந்த முடிவை மாற்றச் சொல்பவர்கள் மறுபுறம். இவ்விரு சாராரும் இரு நாடுகளிலும் இருக்கிறார்கள். நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். இதுவே என் வாதம்.

ஜப்பானிய மரம், அமெரிக்க வித்து

ஜப்பானியத் தன்மை நிறைந்த படம் எது என்று கல்லூரி ஆசிரியரான என் நண்பரைக் கேட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் 'டோக்கியோ கதை' என்பார். யசுஜிரோ ஓசு 1953-இல் இயக்கிய படம். 2012-இல் இங்கிலாந்தின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் உலக இயக்குநர்களிடம் நடத்திய கணிப்பில் முதலிடம் பெற்ற படம். கதையோ மிக எளியது. ஹிரோஷிமா மாவட்டத்துக் கடற்கரை ஊரான ஓனோமிச்சியிலிருந்து வயதான தம்பதியர் தங்கள் பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோவுக்கு வருகிறார்கள். மூத்த மகன் மருத்துவர். மகள் சிகை அலங்கார நிலையம் நடத்துகிறாள். இருவருக்கும் நேரமில்லை. பெற்றோரை அத்தாமி என்ற வெந்நீர் ஊற்று நகரத்துக்கு அனுப்பி வைக்கிறார்கள். அங்கோ இரவெல்லாம் இளைஞர் கூச்சல். போரில் இறந்துபோன மகனின் மனைவி நோரிக்கோ ஒருத்திதான், தன் சின்னஞ்சிறு அறையில் அவர்களுக்கு இடம் தருகிறாள். ஊர் திரும்பியதும் தாய் இறந்துபோகிறாள். அடக்கச் சடங்கு முடிந்து உண்ண அமர்ந்த வேளையிலேயே, அம்மாவின் இன்ன உடையை நினைவாக எனக்குத் தாருங்கள் என்று கேட்கிறாள் மகள். எல்லாரும் புறப்பட்டுப் போகிறார்கள். தந்தை மட்டும் வெறும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இப்படி எடுக்கக் கீழ்த்திசை ஞானம் வேண்டும்" என்று பெருமூச்சு விடுபவர்கள் ஒரு செய்தியை அறிவது நல்லது. இதன் வித்து அமெரிக்காவில் முளைத்தது. ஓசுவுடன் திரைக்கதை எழுதிய கோகோ நோடா, லியோ மக்கேரி 1937-இல் இயக்கிய 'மேக் வே ஃபார் டுமாரோ' என்ற ஹாலிவுட் படத்தைப் பார்த்திருந்தார். அதிலும் ஒரு முதிய தம்பதியர். வீடு வங்கிக்குப் போய்விடுகிறது. இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ளப் பிள்ளைகளில் எவருக்கும் மனமில்லை. தாய் ஒரு மகனின் வீட்டுக்கும், தந்தை ஒரு மகளின் வீட்டுக்குமாகப் பிரிக்கப்படுகிறார்கள். முதியோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் அமெரிக்காவில் 1935-இல் தான் நிறைவேறியிருந்தது. மாதாந்தர உதவித்தொகையோ 1940-இல் தான் கைக்கு வரத் தொடங்கியது. சேமிப்பு கரைந்த முதியவர்களுக்குப் பிள்ளைகளை விட்டால் அப்போது வேறு புகலிடம் அரிது. தாய் தந்தையரை மதிக்கச் சொல்லும் கட்டளையை, நாம் நான்காவதாக எண்ணும் அந்தக் கட்டளையை, முகப்பு வாசகமாக வைத்தே படம் தொடங்குகிறது.

அதன் இறுதிப் பகுதியை எப்படிச் சொல்வேன்? ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தேனிலவு கழித்த நியூயார்க் விடுதியில் அவ்விருவரும் சில மணி நேரம் கழிக்கிறார்கள். பிறகு இரயில் நிலையம். கணவர் கலிபோர்னியாவிலுள்ள மகளிடம் புறப்படுகிறார். மனைவி முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டும். தாம் போகும் இடம் அது என்பதைக் கணவருக்கு அவர் சொல்லவில்லை. சொல்லவிடாமல் பிள்ளையையும் தடுத்துவிட்டார். மீண்டும் சந்திப்போம் என்றே பேசிக்கொள்கிறார்கள். இரயில் நகர்கிறது. அந்த மூதாட்டி தனியே நிற்கிறார். படம் முடிகிறது.

பாரமவுண்ட் நிறுவனத்தார் முடிவை மாற்றச் சொன்னார்கள். பிள்ளைகள் மனந்திருந்தி ஓடிவரட்டும், இருவரையும் ஒன்றுசேர்க்கட்டும், மக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வெளியேறட்டும் என்பதே எந்த முதலாளியின் விருப்பமாகவும் இருக்கும். மக்கேரி மறுத்தார். படம் ஓடவில்லை, நிறுவனமும் அவரைக் கைவிட்டது. அதே ஆண்டு வேறொரு நிறுவனத்துக்கு அவர் இயக்கிய 'தி ஆஃபுல் ட்ரூத்' என்ற நகைச்சுவைப் படம் அவருக்கு ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்தது. பரிசைக் கையில் வாங்கிக்கொண்டு, தவறான படத்துக்குத் தந்துவிட்டீர்கள் என்று அவர் மேடையிலேயே சொன்னார். பின்னர் 1944-இல் குருவானவர் ஒருவரைக் கதைத்தலைவராக வைத்து 'கோயிங் மை வே' எடுத்து மீண்டும் விருது வாங்கியவரும் இந்தக் கத்தோலிக்கரே. நம்மவர்கள் அந்தப் படத்தைக் கொண்டாடினார்கள். முந்தைய படத்தை மறந்தார்கள். குருவானவர் பாடும் படத்தைப் பார்ப்பது, நான்காம் கட்டளையைப் பார்ப்பதைவிட எளிதல்லவா!

ஜப்பானிய நிறுவனத்தார் மட்டும் ஞானிகளா என்றால், அதுவும் இல்லை. ஓசுவின் படங்கள் வெளிநாட்டாருக்குப் புரியாது என்று சொல்லியே ஷோச்சிக்கு நிறுவனம் அவற்றை ஏற்றுமதி செய்யத் தயங்கியது. 'டோக்கியோ கதை' நியூயார்க்கின் திரையரங்குக்கு வந்தது 1972-இல். ஓசு 1963-இலேயே, தமது அறுபதாம் பிறந்த நாளன்றே, மறைந்துவிட்டார். முதியோரைக் கைவிட்ட ஒரு கதை அமெரிக்கருக்குப் புரியாது என்று ஜப்பானில் முடிவு செய்தார்கள்; அந்தக் கதையின் வித்தோ அமெரிக்காவிலிருந்து வந்தது. பார்வையாளனைக் குறைத்து மதிப்பிடுவதில் முதலாளிகளுக்குள் நாட்டு வேற்றுமை கிடையாது.

வெட்டியெறியப்பட்ட சொற்கள்

அடுத்து, குழந்தைகளும் அறிந்த படத்துக்கு வருகிறேன். 'காட்ஸில்லா' என்றதும் ரப்பர் உடையணிந்த பல்லி ஒன்று அட்டை வீடுகளை மிதிப்பதை நினைத்துச் சிரிக்கிறோம். நானும் சிரித்தவனே. அந்தச் சிரிப்பு நமக்கு எப்படி வந்தது என்பதைப் பின்னர் அறிந்தபோது வெட்கப்பட்டேன்.

1954 மார்ச் 1-ஆம் நாள் பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு ஒன்றை வெடித்துச் சோதித்தது. 'ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன்' என்னும் ஜப்பானிய மீன்பிடிக் கப்பலில் இருந்த 23 பேர்மேல் கதிர்வீச்சுச் சாம்பல் பொழிந்தது. கப்பலின் வானொலி இயக்குநர் செப்டம்பரில் இறந்தார். நவம்பர் 3-இல் இஷிரோ ஹோண்டா இயக்கிய 'காட்ஸில்லா' திரைக்கு வந்தது. அதன் தொடக்கத்திலேயே கப்பல் ஒன்று ஒளிப்பிழம்பில் அழிகிறது. அதைக் கண்ட ஜப்பானியர் எவருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. குண்டுச் சோதனையால் விழித்தெழுந்த அந்த விலங்கைக் கொல்லும் கருவியைக் கண்டுபிடித்த இளம் அறிவியலார், அது ஆட்சியாளர் கையில் புதிய ஆயுதமாகிவிடும் என்று அஞ்சித் தம் குறிப்புகளை எரித்துவிட்டு, கருவியோடு கடலடியில் தாமும் உயிர்விடுகிறார். விலங்கு மாண்டதைக் கண்டு எல்லாரும் மகிழ்கிறார்கள். முதிய பேராசிரியர் ஒருவர் மட்டும் மகிழவில்லை. குண்டுச் சோதனைகள் தொடர்ந்தால் இன்னொன்று எங்கேனும் தோன்றும் என்று அவர் முணுமுணுப்பதோடு படம் முடிகிறது.

1956-இல் அது அமெரிக்காவுக்கு வந்தது. முதலில் ஓர் அமெரிக்கச் செய்தியாளர் தேவைப்பட்டார். ரேமண்ட் பர் என்ற நடிகரை வைத்துப் புதிய காட்சிகளை எடுத்து நடுநடுவே ஒட்டினார்கள். ஒட்டுவதற்கு இடம் வேண்டுமே, ஆகவே வெட்டினார்கள். இரயிலில் செல்லும் இளம்பெண் ஒருத்தி, நாகசாக்கியின் குண்டிலிருந்து அரும்பாடுபட்டுத் தப்பி வந்தேனே, இப்போது இதுவா என்று சலித்துக்கொள்ளும் சொற்கள் மறைந்தன. பேராசிரியரின் இறுதி எச்சரிக்கையும் மறைந்தது. அதற்குப் பதிலாக, ஆபத்து நீங்கிற்று, உலகம் இனி நிம்மதியாக வாழலாம் என்று செய்தியாளரின் குரல் நமக்கு உறுதி தருகிறது.

அந்த இரயில் பெண்ணின் பேச்சை நாம் மட்டுமாவது மறக்கலாகாது. 1945 ஆகஸ்டு 9 அன்று குண்டு விழுந்தது நாகசாக்கியின் ஊரகாமிப் பகுதியில். இரண்டரை நூற்றாண்டு தலைமறைவாக விசுவாசத்தைக் காத்தவர்களின் வழிமரபினர், தங்கள் கையாலேயே பேராலயம் எழுப்பி வாழ்ந்த பகுதி அது. அன்று இறந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் நம்மைப் போலச் செபமாலை சொன்னவர்கள். உலகமெங்கும் பலருக்குப் போய்ச் சேர்ந்த 'காட்ஸில்லா' இந்த வெட்டுப்பட்ட 'காட்ஸில்லா'வே. ஹோண்டாவின் படம் வெட்டப்படாமல் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக ஓட 2004 வரை ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

"அமெரிக்கர் வெட்டினார்கள், பார்த்தாயா?" என்று கல்லூரி நண்பர் துள்ளிக் குதிக்கவேண்டாம். அடுத்த பத்தாண்டுகளில் ஜப்பானிய நிறுவனமே அந்த விலங்கைக் குழந்தைகளின் தோழனாக்கிக் குதியாட்டம் போட வைத்தது. கத்தரிக்கோல் ஓரிடத்தில், கோமாளிக் குல்லாய் மற்றோரிடத்தில். சந்தை கேட்டதை இரு நாட்டாரும் கொடுத்தார்கள்.

ஆறுதல் வேண்டாமா?

இங்கே வங்கி நண்பர் குறுக்கிடுகிறார். "ஐயா, வாரமெல்லாம் கடன் நோட்டீசுகளும் மருத்துவமனை வாசலுமாக வாழ்கிறோம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மனம் ஆறக்கூடாதா? அழுவதற்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?" நியாயமான கேள்வி. களைத்த மனிதனுக்கு ஆறுதல் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் ஆறுதலும் மயக்க மருந்தும் ஒன்றல்ல. ஆறுதல், காயத்தைப் பார்த்தபிறகு வருவது. மயக்க மருந்து, காயத்தைப் பாராதிருக்கத் தரப்படுவது.

பிராங்க் காப்ரா 1946-இல் எடுத்த 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' என்ற அமெரிக்கப் படத்தை எடுத்துக்கொள்வோம். கடைசியில் ஊரே திரண்டு வந்து கதைத்தலைவனின் கடனை அடைக்கிறது. சர்க்கரைப்பாகு என்று அறிவாளிகள் ஒதுக்கிய முடிவு. பொறுமையாகப் பாருங்கள். காணாமற்போன எட்டாயிரம் டாலரைக் கையில் வைத்துக்கொண்டு வாய்மூடியிருந்த செல்வர் பாட்டர் பிடிபடவே இல்லை. தண்டனையும் இல்லை, மனந்திரும்புதலும் இல்லை. பணம் அவரிடமே இருக்கிறது. அநீதி அப்படியே நிற்க, அதன் நடுவே அன்பு வந்து சேர்கிறது. பாலத்தின்மேல் தற்கொலைக்கு நின்றவனின் முகத்தை நீண்ட நேரம் காட்டிய பிறகே காப்ரா நமக்கு மகிழ்ச்சியைத் தருகிறார். இதை நான் ஆறுதல் என்று ஏற்றுக்கொள்கிறேன். அப்படம் வெளிவந்தபோது வசூலில் தோற்றது. பதிப்புரிமை 1974-இல் புதுப்பிக்கப்படாமல் போகவே, தொலைக்காட்சி நிலையங்கள் செலவின்றி ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் ஒளிபரப்பின. அப்படித்தான் மக்கள் அதைக் கண்டெடுத்தார்கள். மக்கள் எதைக் கேட்பார்கள் என்று முதலாளிகள் அறிந்திருந்த இலட்சணம் இது!

இதனருகே அகிரா குரோசவாவின் 'இக்கிரு' என்ற 1952-ஆம் ஆண்டுப் படத்தை வையுங்கள். 'வாழ்தல்' என்பது அதன் பொருள். முப்பதாண்டுகளாகக் கோப்புகளில் முத்திரை குத்திய நகராட்சி அலுவலர் வத்தனாபேக்கு வயிற்றில் புற்றுநோய். மருத்துவர், வெறும் புண்தான் என்று பொய் சொல்கிறார். மருத்துவர் இப்படித்தான் பொய் சொல்வார் என்று காத்திருப்போர் கூடத்திலேயே இன்னொரு நோயாளி சொல்லிவிட்டிருந்ததால், அந்தப் பொய்யே வத்தனாபேக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறது. எஞ்சிய நாள்களில், சாக்கடைத் தேக்கமான ஓரிடத்தில் குழந்தைகளுக்கு ஒரு பூங்கா அமைக்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிச் சாதித்து இறக்கிறார். வேறொருவர் என்றால் இங்கே வணக்கம் போட்டிருப்பார். குரோசவா நம்மை இறந்தவர் வீட்டுக்கு அழைத்துச் சென்று உட்கார வைக்கிறார். உடன் பணியாற்றியவர்கள் குடிக்கிறார்கள், வாதிடுகிறார்கள், கடைசியில் கண்ணீர்விட்டு, இனி அவரைப் போலவே உழைப்போம் என்று உறுதி எடுக்கிறார்கள். அடுத்த காட்சியில் அலுவலகம். மனுவோடு வந்தவரை அதே பழைய முறையில் அடுத்த பிரிவுக்கு அனுப்புகிறார்கள். பூங்காவில் குழந்தைகள் ஆடுகிறார்கள். இரண்டும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க அவர் இசையவில்லை.

ஆகவே நண்பரே, சிரித்தபடி முடியும் படத்தின்மேல் எனக்குப் பகையில்லை. காயத்தைக் காட்டாமலே கட்டுப்போடும் படத்தின்மேல்தான் பகை.

தம் கண்ணீர் மட்டும்

இனி கல்லூரி நண்பரின் முறை. ஜப்பானியப் படங்களின் துயரத்தில் அவர் ஓர் உயர்வைக் காண்கிறார். துயரமும் ஒருவகை மறைப்பாக முடியும் என்பதை அவர் மறந்துவிடுகிறார். போரைப் பற்றிய ஜப்பானியப் படங்களில் பல, எரிந்த தம் ஊர்களுக்காகவும் பசியால் மடிந்த தம் குழந்தைகளுக்காகவும் அழுகின்றன. அழட்டும்; அழவேண்டிய மரணங்களே அவை. ஆனால் சீனாவிலும் கொரியாவிலும் பிலிப்பைன்சிலும் ஜப்பானியப் படை செய்தவை அப்படங்களின் ஓரத்தில்கூட வருவதில்லை. மசாக்கி கொபயாஷி 1959 முதல் 1961 வரை மூன்று பகுதிகளாக, ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாக எடுத்த 'மனித நிலை' மஞ்சூரியச் சுரங்கத்தில் சீனர்கள் பட்ட பாட்டைத் துணிந்து காட்டியது. அத்தகையவை விதிவிலக்குகள். அமெரிக்கரின் வியட்நாம் படங்களும் இதே பிழையைச் செய்தன. அமெரிக்க இளைஞனின் கலங்கிய மனத்தைக் காட்டுவதற்கான பின்னணிதான் அவற்றில் வியட்நாமியர். 2006-இல் கிளின்ட் ஈஸ்ட்வுட், இவோ ஜிமாவில் தம் நாட்டார் போரிட்ட எதிரிகளின் கதையை, பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே எடுத்தார். அயலானின் சாவுக்கு அழக் கற்றுக்கொண்ட ஓர் அமெரிக்கப் படம் அது.

2024 மார்ச் 10-ஆம் நாள் நடந்த ஆஸ்கர் விழா என் வாதத்துக்கு ஒரு நல்ல சான்றைத் தந்தது. ஒரே மேடையில் குண்டின் இரு கதைகள். கிறிஸ்டோபர் நோலனின் 'ஓப்பன்ஹைமர்' ஏழு விருதுகளைப் பெற்றது. தகாஷி யமசாக்கியின் 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' காட்சி விளைவுகளுக்கான விருதைப் பெற்றது. எந்தப் படம் ஆறுதலில் முடிகிறது? அமெரிக்கப் படம் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். உலகை அழிக்கும் தொடர்வினையைத் தொடங்கிவைத்துவிட்டோமோ என்ற திகிலில் அது முடிகிறது. ஜப்பானியப் படத்திலோ தற்கொலைப்படை விமானி உயிர் பிழைக்கிறான். இறந்துவிட்டாள் என்று நாம் அழுத நோரிக்கோவும் மருத்துவமனையில் கண் திறக்கிறாள். ஓசுவின் விதவை மருமகளுக்கும் இதே பெயர்தான். உயிரைத் துச்சமாக மதித்த அரசுக்கு எதிராக, வாழ்வதே வீரம் என்று அப்படம் சொல்வதை மதிக்கிறேன். அவளைத் திருப்பித் தந்ததை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. அமெரிக்கப் படத்திலும் குறை இல்லாமலில்லை. மூன்று மணி நேரம் குண்டைப் பற்றிப் பேசியவர்கள், ஹிரோஷிமாவின் ஒரு முகத்தையும் நமக்குக் காட்டவில்லை. ஒன்று முடிவை இனிப்பாக்கியது. மற்றொன்று இறந்தவர்களின் இருக்கையைக் காலியாக விட்டது. இதில் எந்த நாடு எந்தக் குணத்துக்கு உரியது?

இரண்டு மௌனங்கள்

நம் மறையோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. ஜப்பானியக் கத்தோலிக்க எழுத்தாளர் ஷுசாகு எண்டோ 1966-இல் வெளியிட்ட 'மௌனம்' நாவலை நம்மில் பலர் அறிவர். பதினேழாம் நூற்றாண்டு வேதகலாபனையில், பிறர் வதைபடுவதை நிறுத்துவதற்காக ஆண்டவரின் திருவுருவத்தை மிதித்த இயேசு சபைக் குரு ரோட்ரிகஸின் கதை. 1971-இல் மசாஹிரோ ஷினோடா அதைப் படமாக்கினார். திரைக்கதையில் எண்டோவுக்கும் பங்கு உண்டு. 2016-இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி, கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சுமந்த ஆசையை நிறைவேற்றி மீண்டும் படமாக்கினார்.

ஷினோடாவின் படம், அரசு மனைவியாகக் கொடுத்த பெண்ணிடம் வீழ்ந்த குருவோடு, வெளிச்சமே இல்லாமல் நின்றுவிடுகிறது. ஸ்கோர்செஸியின் படம், இறந்த ரோட்ரிகஸின் உள்ளங்கையில் சின்னஞ்சிறு சிலுவை ஒன்றைக் காட்டி முடிகிறது. நாவலில் அந்தச் சிலுவை கிடையாது. எண்டோ கதவைத் திறந்தும் வைக்கவில்லை, மூடியும் வைக்கவில்லை. இருட்டை நோக்கி ஒருவர் அதை மூடினார். ஒளியை நோக்கி மற்றவர் அதைத் திறந்தார். இருவரும் மாற்றியவர்களே. நம்பிக்கையின்மையையும் ஒரு சுலபமான முடிவாகத் திணிக்க முடியும் என்பதைத் துயரப் படங்களின் அடியார்கள் கவனிக்க வேண்டும்.

அந்தச் சிலுவையைக் கண்டபோது, "அப்பாடா!" என்று என் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு வந்ததை ஒப்புக்கொள்கிறேன். வெளியே வந்து நடக்கும்போதுதான் கேட்டுக்கொண்டேன்: அந்த நிம்மதி யாருக்கு? ரோட்ரிகஸுக்கா, எனக்கா? பெரிய வெள்ளியின் மூன்று மணிக்கே பாஸ்கா மணியை அடித்துவிட வேண்டும் என்று துடிக்கும் மனம் அல்லவா என்னுடையது!

நாங்கள் மாற்றிய முடிவு

இப்படி ஊரார் படங்களைக் குறைகூறும் நான், என் வீட்டில் என்ன செய்தேன்? சொல்லாவிட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகும்.

என் தந்தை இறுதி நோயில் கிடந்தார். என்ன நோய் என்பதைப் பிள்ளைகள் நாங்கள் ஐவரும் கூடி மறைத்தோம். "ஒன்றுமில்லை அப்பா, அடுத்த வாரம் வீட்டுக்குப் போய்விடலாம்" என்று நாள்தோறும் சொன்னோம். ஒரு மாலையில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நான் போன பிறகு உன் அம்மாவை…" என்று தொடங்கினார். நான் குறுக்கிட்டேன். "அதெல்லாம் எதற்கப்பா இப்போது? நன்றாகத் தூங்குங்கள்" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவர் சொல்ல வந்தது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருடைய கதையின் இறுதிக் காட்சியை அவரிடமிருந்து பறித்து, எனக்குத் தாங்கக்கூடிய ஒன்றாக மாற்றிவிட்டேன். 'இக்கிரு' படத்து மருத்துவரைக் கண்டபோது, திரையில் இருந்தவன் நானே.

மக்கேரியின் மூதாட்டியும் பொய்தானே சொன்னார் என்று கேட்கலாம். ஆம். ஆனால் தம் துயரத்தைத் தாமே முழுதும் சுமந்துகொண்டு, கணவரின் சுமையைக் குறைக்கச் சொன்ன பொய் அது. நாங்கள் சொன்னதோ எங்கள் சுமையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னது. சுமை அவரிடமே இருந்தது. அதைப் பகிர்ந்துகொள்ள ஆளில்லாமல் போனதுதான் மிச்சம்.

ஆகவே, படங்களில் முடிவை மாற்றச் சொல்லும் பழக்கம் படத்தோடு நிற்பதில்லை என்கிறேன். இரண்டு மணி நேரம்கூட அயலாரின் துயரத்தோடு உட்காரப் பழகாதவன், தன் தந்தையின் கட்டிலருகே எப்படி உட்காருவான்? ஜப்பானா அமெரிக்காவா என்று வாதிடுவதை இரு நண்பர்களும் நிறுத்தட்டும். வங்கி நண்பருக்கு 'மேக் வே ஃபார் டுமாரோ' படத்தைத் தரப்போகிறேன். அது அமெரிக்கப் படம், மறுக்க மாட்டார். கல்லூரி நண்பருக்கு 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்'. ஒருமுறையேனும் வெட்கப்படாமல் சிரிக்கட்டும்.

'டோக்கியோ கதை'யின் இறுதியில் முதியவர், தம் மனைவியின் கைக்கடிகாரத்தை எடுத்து நோரிக்கோவிடம் கொடுக்கிறார். பெற்ற மகள் உடையைக் கேட்டு வாங்கிப் போனாள். மருமகளுக்குக் கேட்காமலே கிடைக்கிறது. இரயிலில் அமர்ந்து அதை அவள் கையில் வைத்துப் பார்க்கிறாள். வீட்டில் கிழவர் விசிறிக்கொண்டு தனியே இருக்கிறார். யாரும் திரும்பி வரவில்லை. எதுவும் சரியாகவில்லை. நான் எழுந்து விளக்கைப் போடவில்லை; அவரோடு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். என் தந்தையோடு அப்படி உட்கார்ந்திருக்கலாம்.